வளவுக் குழாயடியையும் எழுது

மதுரை

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் உன் வீட்டார் நலமும் அறிய ஆவல். புனேயிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. கைப்பட எழுதிய கடிதம் இந்த வீட்டு வாசலுக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டபடியால், தபால்காரரிடமிருந்து அதை வாங்கிய என் மகள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். உன் கையெழுத்து சிறிதும் மாறவில்லை. ஆறாம் வகுப்பில் எழுதியதைப் போலவே ‘ழ’கரத்தின் வாலை இன்னமும் அடுத்த வரிவரை இழுக்கிறாய்.

நம் இளமைக் காலத்தைப் பற்றி உன் மகனுக்காக ஒரு நோட்டில் எழுதி வருவதாகவும், விட்டுப்போனவற்றை நான் நினைவுபடுத்த வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். மிக நல்ல காரியம். அதை நிறுத்திவிடாதே. நீ அனுப்பியிருந்த பக்கங்களை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். அவளுக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்ன சில செய்திகளால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

முதலில் ஒரு திருத்தம். 1983 ஜூன் 25 அன்று இந்தியா உலகக் கோப்பையை வென்ற ஆட்டத்தை நாம் தொலைக்காட்சியில் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். நாம் பார்க்கவில்லை, கேட்டோம். உன் அப்பாவின் மர்பி ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டு வந்து, வர்ணனையில் பாதி ஆங்கிலம் புரியாமல், கபில்தேவ் என்ற பெயரையும் கூட்டத்தின் இரைச்சலையும் வைத்தே நடப்பதை ஊகித்துக்கொண்டிருந்தோம். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தின் பின்னால் கபில் ஓடிச்சென்று பிடித்த அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டதால், அன்றே பார்த்ததாக உன் மனம் சேர்த்துக்கொண்டது போலும். அப்போது நம் பக்கத்தில் பெட்டி வாங்கிய ஓரிருவரும் மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாயை நட்டு, அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த இலங்கையின் ரூபவாகினியை, காற்றும் வானமும் ஒத்துழைத்த நாட்களில் மட்டும் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் நமக்குத் தூர்தர்ஷன் தெளிவாகத் தெரிந்தது. ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க வெள்ளிக்கிழமை இரவில் எட்டுக் குடித்தனங்கள் கொண்ட நம் வளவு முழுவதும் கூடியதும், 1987 ஜனவரியில் தொடங்கிய இராமாயணத் தொடருக்காக ஞாயிறு காலையில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்ததும் அதற்குப் பிந்தியவையே. வடக்கே வேலை பார்த்து இந்தி கற்றிருந்த அவர், விளம்பரம் ஓடும் நேரத்தில் அதுவரை பேசியவற்றுக்கெல்லாம் பொருள் சொல்லி முடித்துவிடுவார். அவர் வீட்டு டயனோரா பெட்டிக்கு இழுத்து மூடும் கதவும் அதற்கொரு பூட்டும் இருந்ததை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய்.

வளவைப் பற்றி நீ எழுதியது போதாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த உன் மகனுக்கு அது விளங்கவே விளங்காது. தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கதவு. உள்ளே நுழைந்தால் நீண்ட நடை. நடையின் இரு பக்கமும் எதிரெதிராக எட்டுக் குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலில் ஓராள் படுக்குமளவு திண்ணை. நடுவில் கிணறும் துவைக்கிற கல்லும் மாநகராட்சிக் குழாயும். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. திருமலை நாயக்கர் மகாலுக்கும் பத்துத்தூண் சந்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் இத்தகைய வளவுகள் வரிசையாக இருந்தன. நம் வளவில் மில் தொழிலாளி, ரயில்வேக்காரர், தையல்காரர், சாயப்பட்டறைக்குப் போகும் சௌராஷ்டிரக் குடும்பம் என்று எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள். ஒரு வீட்டில் அடி விழுந்தால் மற்றொரு வீட்டுப் பெரியவர் வந்து தடுப்பார்; அதே பெரியவர் நாம் தவறு செய்தால் நம் அப்பாவைக் கேட்காமலே காதைத் திருகவும் செய்வார். மில்லுச் சங்கு ஊதினால்தான் நேரம். இரவில் மகாலின் ஒலி-ஒளிக் காட்சியிலிருந்து வாத்தியங்களும் வசனமும் காற்றோடு வந்து நடைவரை கேட்கும். டிக்கெட் வாங்கி உள்ளே சென்று பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த வசனம் நமக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது.

பிலிம் காட்டிய கதையை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய். அதை விரித்து எழுது, ஏனென்றால் நாம் பள்ளியில் கற்ற ஒளியியலைவிட அதில் கற்றது அதிகம். தியேட்டர்களில் அறுந்துபோன பிலிம் துண்டுகளைப் பெட்டிக்கடையில் பத்துக் காசுக்கு விற்பார்கள். அதில் கதாநாயகன் முகம் இருந்தால் விலை கூடும். பியூஸ் போன குண்டு பல்பின் அடியிலுள்ள கறுப்புப் பகுதியை ஆணியால் மெல்லத் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் கம்பிகளை வெளியே எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் நமக்கு லென்ஸ். உங்கள் வீட்டு அறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, எதிர்ச்சுவரில் உன் அப்பாவின் வேட்டியைக் கட்டி, கதவிலிருந்த சிறு ஓட்டைக்கு நேராகப் பல்பை நிறுத்தி, அதற்கு முன்னால் பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். முற்றத்து வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நின்று ஒளியைச் சரியாக அந்த ஓட்டைக்குள் திருப்ப வேண்டும். சூரியன் நகர நகர அவனும் கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுக் கை தளர்ந்தால் வேட்டியில் இருந்தவர் மறைந்துவிடுவார். பெரும்பாலும் அந்தக் கண்ணாடியைப் பிடித்து நின்றவள் அக்கா. நாம் உள்ளே அமர்ந்து படம் பார்த்தோம். அவள் வெளியில் நின்றாள். நான் வாசித்தபோது அந்த இடத்தில்தான் அவள் முதன்முதலாக வாய் திறந்து, “வேட்டியில் என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அதன் பிறகு உன் பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்த்தேன். வாடகை சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டு வடக்கு வெளி வீதிவரை போனது. பாரதியார் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளியில் நாமும் படிக்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டது. வறண்ட வைகை மணலில் கல்பாலத்துக்குக் கீழே கிரிக்கெட் ஆடியது. 1984-இல் வெளிவரத் தொடங்கிய ராணி காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பத்துப் பேர் கைமாற்றிப் படித்தது. 2,500-க்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய தங்கம் தியேட்டரில் இடைவேளை விளக்கு எரிந்ததும் பின்னால் திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்து மலைத்தது. பகலில் நூலகமாகவும் மாலையில் ஆங்கிலப் படம் ஓடும் ரீகலாகவும் இருந்த விக்டோரியா எட்வர்டு மன்றத்து வாசலில் போட்டோ அட்டைகளைப் பார்த்தபடி நின்றது. எல்லாம் உண்மை. எல்லாம் அருமையானவை. ஆனால் இவற்றில் எதிலும் அக்கா இல்லை. உன் தங்கையும் இல்லை. ஒரே வளவில், ஒரே ஆண்டுகளில் வளர்ந்தவர்களின் இளமைக் காலம் வேறொன்றாக இருந்திருக்கிறது. அந்த நோட்டைப் படிக்கப்போகும் உன் மகன் அதையும் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள் என்பது உனக்குத் தெரியும். நிறுத்தியதற்கு யாரும் பெரிய காரணம் சொல்லவில்லை. அந்த நாளில் காரணம் கேட்கப்படவும் இல்லை. சிம்மக்கல் மைய நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகங்களை அவள்தான் முதலில் படித்து முடிப்பாள். எந்தப் புத்தகம் வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவாள். அது இல்லையென்றால் நான் கண்ணில் பட்டதைக் கொண்டுவருவேன், அதையும் படிப்பாள். தெருமுழுதும் சுற்றிக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வார வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, பழைய காலண்டர் அட்டையை மைதாப் பசையால் ஒட்டி அவள் பைண்டு செய்த தொகுதிகள் இன்றும் திருமங்கலத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் கதையின் பெயரோடு, எந்த வாரம் விட்டுப்போயிற்று என்பதையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறாள். விட்டுப்போன வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை அவளே ஊகித்து எழுதி நடுவில் சேர்த்த தாள்களும் அவற்றில் உண்டு என்பதைப் போன ஞாயிறன்றுதான் முதன்முறையாகச் சொன்னாள். இத்தனை ஆண்டுகளாக அவற்றை அவள் ஒருவருக்கும் காட்டியதில்லை.

பகல் முழுவதும் அவளுக்குச் சுங்குடி வேலை. பக்கத்துக் குடித்தனத்துச் சௌராஷ்டிர அம்மாள் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார். மடித்துக் குறியிட்ட வெள்ளைத் துணியில் ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி முடிச்சிட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். முடிச்சுக்கு உள்ளே சாயம் ஏறாது. தோய்த்துக் காய வைத்த சேலையை இருவர் இரு முனையில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் சடசடவென்று தெறித்து, உள்ளே ஒளிந்திருந்த புள்ளிகள் வெளிவரும். இழுக்கும் நேரத்தில் மட்டும் நாம் ஓடி வந்து வேடிக்கை பார்ப்போம். அந்தப் புள்ளிகளுக்காக அம்மாவும் அக்காவும் வலது கை நகங்களை வெட்டாமல் வைத்திருந்ததையும், அந்தக் கூலியில்தான் என் பள்ளிச் சீருடைத் துணி வாங்கப்பட்டது என்பதையும் நான் அப்போதே அறிவேன், நீயும் அறிவாய். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைச் செய்தியை அக்கா கத்தரித்து வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் கையால் முடிச்சிடுபவர்கள் குறைந்து, மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் அந்த வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன.

இனி குழாயடி. நீ அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை, எழுத உனக்கு நினைவு இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தோம். கோடையில் மாநகராட்சித் தண்ணீர் நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். மாலையிலேயே வரிசைக்குக் குடங்களை வைத்துவிட்டு, பெண்கள் விழித்திருந்து, குழாயில் முதலில் காற்றுச் சீறும் ஓசை கேட்டதும் எழுந்து போவார்கள். காலையில் பானைகள் நிறைந்திருக்கும். நாம் மொண்டு குடித்துவிட்டு விளையாடப் போவோம். அம்மா எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று நம் வீட்டில் ஒருவரும் பேசியதே இல்லை.

இதை நான் அக்காவிடம் வருத்தத்தோடு சொன்னபோது அவள் என்னை மறுத்தாள். அவளுக்கு அந்த இராத்திரிகளே பிடித்தமானவையாம். ஆண்கள் உறங்கும் அந்த நேரத்தில்தான் வளவின் பெண்கள் அத்தனை பேரும் ஒருசேர உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள், பாடினார்கள், மாமியார்களைப் போல நடித்துக் காட்டினார்கள். அடுத்த வீட்டு அம்மாளிடம் அவள் சௌராஷ்டிர மொழியைக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், இன்றும் தடங்கலின்றிப் பேசுகிறாள். உன் அம்மாவின் சிரிப்பு நடையின் கோடிவரை கேட்கும் என்றாள். உன் அம்மா உரக்கச் சிரித்து நான் கேட்டதாக நினைவே இல்லை. உனக்கு இருக்கிறதா?

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்த செய்தியும் விடியும் முன்னே குழாயடிக்குத்தான் முதலில் வந்ததாம். பேப்பர் கட்டு எடுக்கப் போன பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனான். 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்றவர் அல்லவா, அவரை நம் ஊர்க்காரராகவே அவர்கள் வைத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தும் யாரும் அதனடியில் குடம் வைக்கவில்லையாம். நாம் எழுந்தபோது எல்லா அடுப்பும் அணைந்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதக் கை கூசினாலும் விட்டுவிடக் கூடாது. வளவின் பின்புறச் சந்து வழியாக ஒரு பெண் நாள்தோறும் வாளியும் தகரமும் கொண்டுவந்து எட்டுக் குடித்தனங்களின் எடுப்புக் கக்கூசைச் சுத்தம் செய்து சுமந்து போனார். அவர் வரும் நேரத்தில் நம்மை முன்பக்கம் போகச் சொல்வார்கள். மழை நாளிலும் பண்டிகை நாளிலும் அவர் வந்தார். மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது; நம் இளமைக் காலம் முழுவதும் அதற்கு முன்பே கழிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் வளவில் ஒருவருக்கும் தெரியாது. நம் காலத்தைப் பொற்காலம் என்று நீ எழுதியிருக்கிறாய். அவருடைய மகனும் நம் வயதினனாக இந்த ஊரில் எங்கோ இருக்கக்கூடும். அந்தச் சொல்லை அவன் எழுதுவானா என்று எண்ணிப் பார். நம் மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாழ்க்கையை நாள்தோறும் தாங்கிப் பிடித்தவர்களும் உன் பக்கங்களில் வர வேண்டும் என்கிறேன்.

ஊர்ச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளவு இப்போது ஜவுளிக் கிடங்கு. 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கி, வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்த பிறகே நடையில் கூடுவது நின்று போயிருந்தது. அதன் பின் ஒவ்வொரு குடித்தனமாக வில்லாபுரம், ஆரப்பாளையம் என்று கலைந்தது. தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடை. புது மண்டபத்துத் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். நாம் ஏறிய ‘பாண்டியன்’ அரசுப் பேருந்துகளின் பெயர் 1997-லேயே எடுக்கப்பட்டது உனக்குத் தெரியும். உன் பாட்டி ஊருக்குப் போவோமே, அந்தப் போடி மீட்டர் கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. நானும் மகளும் ஒருமுறை ஏறி ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். மலையடிவாரம் அப்படியே இருக்கிறது. முன்போல் எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

நீ செய்ய வேண்டியது இது. உன் அம்மா உன்னோடு இருப்பதாலும், நினைவு தெளிவாக இருப்பதாக நீயே எழுதியிருப்பதாலும், ஒரு மாலை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்கார். குழாயடியில் என்ன பேசினார்கள், எந்தப் பாட்டைப் பாடினார்கள், யாரைப் போல நடித்துக் காட்டினார்கள் என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள். நாகர்கோவிலில் இருக்கும் தங்கைக்கும் தனியாக எழுது. வெயில் நாட்களில் அவள் எங்கே விளையாடினாள் என்று கேள். நான் அக்கா சொல்வதை எழுதி அனுப்புகிறேன். அவள் ஊகித்து எழுதிச் சேர்த்த தாள்களைப் படி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அவசியம் வா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாளே வந்துவிட்டால், அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையையும் பார்க்கலாம். உன் அம்மாவால் பயணம் செய்ய முடியுமானால் அவரையும் அழைத்து வா. அக்கா அவரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். நோட்டை மறக்காமல் கொண்டு வா. ரயிலுக்கு இப்போதே முன்பதிவு செய்துவிட்டு, தேதியை மறுதபாலில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்